எங்கும் இறங்காத பயணி

சுரங்க ரயில் அலுவலகத்தில் அவளை எல்லோரும் அட்டவணையம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். டிக்கெட் கொடுக்கும் கண்ணாடிக் கூண்டுக்குள் வேலைக்குச் சேர்ந்தவள், எந்த ரயில் எந்த நேரத்துக்கு எந்த நிலையத்தைத் தொட வேண்டும் என்று முடிவு செய்கிற மூன்றாம் மாடி அறைக்கு மெல்ல மெல்ல ஏறி வந்திருந்தாள். பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு மேசை முழுக்க அதையே தேடுவாள். “அம்மா, காதுல” என்று யாராவது சொன்னால், “அதானே, கால் முளைச்சு எங்கேயும் போயிருக்காதேன்னு பார்த்தேன்” என்பாள்.

அவள் கணவர் லிஃப்ட் பழுது பார்க்கிறவர். உயரமான கட்டடங்களில் பாதியில் நின்றுபோன பெட்டிகளும் அதற்குள் மாட்டிக்கொண்டு அலறுகிற மனிதர்களும்தான் அவருக்குப் பிழைப்பு. போய்ச் சேர்ந்ததும் அவர் முதலில் ஸ்பேனரை எடுக்கமாட்டார். கதவில் வாயை வைத்துப் பேச ஆரம்பிப்பார். “உள்ள இருக்கிறவனுக்கு வெளிய ஒரு குரல் கேட்டாலே பாதி மூச்சு திரும்பிடும். மீதியத்தான் கருவி பார்த்துக்கணும்” என்று சொல்லுவார். வீட்டில் இருவருக்கும் வேலையைப் பற்றிய கேலி எப்போதும் உண்டு. “நீ படுத்துக்கிட்டு ஓடுற ரயிலப் பார்த்துக்க. நான் நின்னுக்கிட்டு ஓடுற ரயிலப் பார்த்துக்கிறேன்” என்பார் அவர்.

ஓய்வு பெற்ற பிறகு அவருக்கு மறதி வந்தது. சாவி, மூக்குக் கண்ணாடி என்று தொடங்கியபோது வயசுதானே என்று விட்டுவிட்டாள். ஒரு நாள் அவள் வேலையிலிருந்து திரும்பியபோது அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. மேலே இருந்த பாத்திரம் கரியாகிப் போயிருந்தது. அவர் பக்கத்திலேயே நாற்காலியில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் ஓடிப் போய் அடுப்பை அணைத்தாள். துணைக்கு ஒரு பெண்ணை ஏற்பாடு செய்தாள். ‘யாரோ வீட்டுக்குள்ள வந்துட்டாங்க’ என்று அவர் அந்தப் பெண்ணை வெளியே தள்ளிக் கதவைச் சாத்திக்கொண்டார். இரண்டாவதாக வந்தவளுக்கும் அதே கதிதான். ஒரே மகள் வேறு ஊரில் கணவனோடும் பிள்ளைகளோடும் இருந்தாள். அட்டவணையம்மா வேலையை விட்டால் வீடு ஓடாது. வேறு வழி தெரியாமல் அவரையும் தன்னோடு ரயிலில் கூட்டிப் போய், அலுவலகத்தில் மாடிப்படிக்குக் கீழே இருந்த பெஞ்சில் உட்கார வைத்தாள்.

ஒரு காலை, நெரிசலில் அவள் இறங்கிவிட்டாள், அவர் இறங்கவில்லை. கதவு மூடி ரயில் போய்விட்டது. அவள் பித்துப் பிடித்தவள் போல நடைமேடையில் அங்குமிங்கும் ஓடினாள், ஒவ்வொரு நிலையத்துக்கும் போன் போட்டாள். கடைசியில் அவர் அதே பெட்டியில், அதே இருக்கையில் திரும்பி வந்தார். முகத்தில் பல மாதமாகக் காணாத ஒரு தெளிவு இருந்தது.

“கதவெல்லாம் நல்லா மூடுது. ஒண்ணுகூட இழுக்கல” என்றார்.

அதற்குப் பிறகு அதுவே ஏற்பாடாகிவிட்டது. காலையில் சாப்பாட்டு டப்பாவோடு ரயிலில் ஏறுவார். பாதையின் இந்த முனைக்கும் அந்த முனைக்குமாகப் பகல் முழுக்கப் போய்வந்துகொண்டே இருப்பார். ஒவ்வொரு நிலையத்திலும் கதவு திறந்து மூடும்போது தலையைச் சாய்த்துக் கேட்பார், சரி என்று தலையாட்டுவார். நடைமேடை ஊழியர்கள் அவரை ‘லிஃப்ட் அண்ணன்’ என்று அறிந்து வைத்திருந்தார்கள். கடைசி நிலையத்தில் ‘விசில்’ என்று பட்டப்பெயர் வாங்கிய பெண் ஒருத்தி இருந்தாள். விசிலை வாயிலிருந்து எடுக்காமலேயே பேசுவாள் என்பதால் அந்தப் பெயர். அவள்தான் மதியம் அவரைக் கையைப் பிடித்து இறக்கி, சாப்பிட வைத்து, கழிப்பறை வாசலில் காவல் நின்று, மறுபடி ஏற்றிவிடுவாள். “அக்கா, அண்ணன் கிளம்பிட்டாரு” என்று மூன்றாம் மாடிக்கு ஒரு போன் வரும். மேலதிகாரிக்கு இது தெரியாமல் இல்லை. தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

அப்படி இருக்கும்போதுதான் சுரங்கத்தில் நீர்க்கசிவு வந்தது. முதலில் சுவரில் ஈரம் என்றார்கள், பிறகு விரிசல் என்றார்கள். பொறியாளர்கள் தொப்பியும் விளக்குமாகக் கீழே போய்விட்டு வந்து, பாதையை முழுதாக மூடினால்தான் வேலை நடக்கும் என்று சொல்லிவிட்டார்கள். ஒரு வருஷத்துக்கு மேல் ஆகுமாம்.

மேலதிகாரி அவளைக் கூப்பிட்டார். “அத்தனை பேரையும் பஸ்ல ஏத்தி இறக்கணும் மேடம். பாதையை நீங்கதான் போடணும். இந்த வழியை உங்களுக்குத் தெரிஞ்ச மாதிரி யாருக்கும் தெரியாது.”

“சரி சார்” என்றாள். அவர் வேறு ஏதாவது சொல்வாரோ என்று ஒரு கணம் நின்றாள். அவரும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு மேசைமேல் இருந்த காகிதங்களைப் பார்க்கத் தொடங்கினார்.

கூட்டங்கள் நடந்தன. அலுவலகம் போகிறவர்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள், நோயாளிகள், கடைக்குச் சரக்கு எடுக்கிறவர்கள் என்று பயணிகளை வகை பிரித்தார்கள். எல்லா வகைக்கும் ஏறுகிற இடம் ஒன்று, இறங்குகிற இடம் ஒன்று. எங்கேயும் இறங்காமல் போய்க்கொண்டே இருக்கிற ஒருவரை எந்த வகையில் சேர்ப்பது? ஊரே வழி தெரியாமல் நிற்கும்போது என் வீட்டுக் கதையையா எடுத்து வைப்பது என்று பேசாமல் இருந்துவிட்டாள்.

பாதை போட அவள் தெருவில் இறங்கி நடந்தாள். கீழே அம்பு விட்டாற்போல் நேராக ஓடுகிற வழி, மேலே வந்தால் இல்லவே இல்லை. ஒரு தெரு சந்தையில் போய் முட்டியது. ஒரு பாலம் பஸ்ஸின் தலையில் இடிக்கிற உயரத்தில் இருந்தது. ரொட்டிக் கடைக்காரர் தன் வாசலில் நிறுத்தம் வைக்கக் கூடாது என்று சண்டைக்கு வந்தார். கூட்டம் நின்றால் வியாபாரம் நடக்கும் என்று பக்கத்துக் கடைக்காரர் சொன்னதும், “அப்ப என் வாசல்லயே வைங்க” என்று அடுத்த மூச்சிலேயே கட்சி மாறினார். அவள் வெயிலில் நின்று சிரித்தாள். அன்றைக்கு முழுக்க அந்த ஒரு சிரிப்புதான்.

வழி எப்படிப் போனாலும் கடைசியில் ஒரு சிக்கல் வந்து நின்றது. கடைசி நிறுத்தத்தில் பஸ் பணிமனைக்குள் போயாக வேண்டும், ஓட்டுநர் மாற வேண்டும். அங்கே எல்லோரும் இறங்கித்தான் ஆக வேண்டும். அப்படி இறக்கிவிட்டால் தன் கணவர் எந்தப் பக்கம் நடப்பார் என்று அவளுக்குத் தெரியாது. அவருக்குமே தெரியாது.

அப்போதுதான் அந்த வட்டப்பாதையைப் போட்டாள். பணிமனைக்குள் போகாமல் பின்பக்கத் தெரு வழியாகச் சுற்றி வந்து, அதே பஸ் அப்படியே திரும்பிவிடும். ஓட்டுநர் தெருவிலேயே மாறிக்கொள்வார். யாரும் இறங்க வேண்டியதில்லை. ஏறியவர் உட்கார்ந்த இடத்திலேயே பகல் முழுக்க இருக்கலாம். நேரமும் கொஞ்சம் மிச்சமானது. மேலதிகாரி பார்த்துவிட்டு, “பிரமாதம் மேடம், இதையே வெச்சுக்கலாம்” என்றார்.

ஒரே ஒரு குறை. பின்பக்கத் தெருவில் திரும்பிவிடுவதால் வட்டப்பாதை ஆஸ்பத்திரி வாசலைத் தொடாது. ஆஸ்பத்திரி ஒரு மேட்டின் உச்சியில் இருந்தது. பஸ் அடிவாரத்தில் நிற்கும், அங்கிருந்து ஏறிக்கொள்ள வேண்டும். கொஞ்ச தூரம்தான் என்று காகிதத்தில் தெரிந்தது. அவள் போய் அந்த மேட்டில் ஏறிப் பார்த்தாள். அவளுக்கு முன்னால் காலில் கட்டுப் போட்ட ஒரு மனிதர் மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறினார். ஒவ்வொரு விளக்குக் கம்பத்திலும் சாய்ந்து நின்றார். பாதி மேட்டில் அந்தப் பெண் அட்டவணையம்மாவைத் திரும்பிப் பார்த்து, “நீங்க முன்னால போங்கம்மா, எங்களுக்கு நேரமாகும்” என்று வழி விட்டாள்.

மறுநாள் அவள் வட்டத்தை அழித்துவிட்டு, ஆஸ்பத்திரி வாசல் வரை ஏறி, பணிமனைக்குள் போய் முடிகிற பழைய பாதையையே போட்டு எடுத்துப் போனாள்.

“என்ன மேடம், நீங்களே போட்டீங்க, நீங்களே அழிக்கிறீங்க?”

“மேடு ஏற முடியாது சார். நடந்து பார்த்தேன்.”

அவர் சரி என்று கையெழுத்துப் போட்டார். அவள் மாடிப்படிக்குக் கீழே இருந்த பெஞ்சில் போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு எழுந்து வந்தாள்.

வீட்டில் அவரிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்து, சாப்பிடும்போது சொன்னாள்.

“என்னங்க, ரயில் கொஞ்ச நாளைக்கு ஓடாது.”

“ஏன், கதவு மாட்டிக்கிச்சா?”

“இல்ல, குழிக்குள்ள தண்ணி கசியுதாம்.”

அவர் கவலையோடு நிமிர்ந்தார். “தண்ணி வந்தா மோட்டாரு போயிடுமே. நான் வந்து பார்க்கட்டுமா?”

“நிறைய ஆள் இருக்காங்க. அவங்க பார்த்துக்குவாங்க. நீங்க சாப்பிடுங்க.”

மகள் போனில் கண்டிப்பாகப் பேசினாள். “இங்க ஒரு முதியோர் இல்லம் இருக்கும்மா. நான் போய்ப் பார்த்தேன். நல்ல மனுஷங்க. அப்பாவ பஸ்ல விட்டுட்டு நீ என்ன தைரியத்துல ஆபீஸ்ல உட்காருவ?”

“இன்னும் அந்த அளவுக்குப் போயிடலடி.”

“போகப் போகுதுன்னு யாராவது முன்கூட்டிச் சொல்லி அனுப்புவாங்களாம்மா?”

அவள் போனை வைத்தாள்.

ரயில் நின்றது, பஸ்கள் ஓடத் தொடங்கின. முதல் நாள் நடைபாதையில் மஞ்சள் அம்புகள், மஞ்சள் சட்டை போட்ட ஊழியர்கள், திட்டிக்கொண்டே வரிசையில் நிற்கிற ஜனங்கள் என்று நகரமே அல்லோலகல்லோலப்பட்டது. அவள் தொண்டை கட்டிப் போகும்வரை போனில் பேசினாள். நாட்கள் போகப் போக ஜனங்களுக்குப் பழகிவிட்டது.

விசிலுக்கும் பணிமனை வாசலில் மஞ்சள் சட்டைதான் வேலை. “நீங்க மனசப் போட்டு அலட்டிக்காதீங்க அக்கா. இந்த வண்டியிலருந்து இறக்கி அந்த வண்டியில ஏத்தி விடுறது ஒரு பெரிய வேலையா? அண்ணன நான் பார்த்துக்கிறேன்” என்றாள். சொன்னபடியே கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்த்தாள். ஆனால் அவருக்கு பஸ் பிடிக்கவில்லை. மடிகிற கதவு ஒவ்வொரு முறை தடதடவென்று அடிக்கும்போதும் முகத்தைச் சுளித்தார். “இவங்ககிட்ட சொல்லு, இது ஒரு நாள் ஆளை நசுக்கிடும்” என்று மாலையில் அவளிடம் குறைப்பட்டுக்கொண்டார். இரவில் தூங்காமல் எழுந்து உட்காரத் தொடங்கினார்.

மழைக்காலத்தில் ஒரு பகல். வானம் பொத்துக்கொண்டு கொட்டியது. சந்தைத் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். பஸ்களை வேறு தெருவுக்குத் திருப்பிவிட அவள் இரண்டு போன்களையும் மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டிருந்தபோது விசில் கூப்பிட்டாள். குரலில் அழுகை இருந்தது.

“அக்கா, அண்ணன் வர வேண்டிய வண்டி பாதியில நின்னுடுச்சாம். எல்லாரையும் வேற வண்டியில ஏத்தி விட்டிருக்காங்க. அந்த வண்டி இப்பத்தான் வந்துச்சு. அதுல அவரு இல்லக்கா.”

அவள் உட்கார்ந்திருந்த நாற்காலி சுவரில் போய் இடித்தது. எல்லா ஓட்டுநர்களுக்கும் கேட்கிற ஒலிவாங்கியை எடுத்து, யாரோ ஒரு பயணியைப் பற்றிச் சொல்வதைப் போல, நடுங்காத குரலில் சொன்னாள். “நீலச் சட்டை, நரைச்ச தலை, கையில் எவர்சில்வர் டப்பா. பார்த்தவர்கள் உடனே தெரிவிக்கவும்.” சொல்லி முடித்ததும் மறுபடி போனை எடுத்தாள். மேலதிகாரி வந்து அவள் கையிலிருந்து போனை வாங்கினார். “நீங்க போங்க மேடம். வண்டிகளை நான் பார்த்துக்கிறேன்.”

குடையும் இல்லாமல் வண்டி நின்ற இடத்திலிருந்து தேடத் தொடங்கினாள். கடை கடையாகக் கேட்டாள். சந்துகளில் எட்டிப் பார்த்தாள். பொழுது சாய்கிற நேரத்தில்தான் தகவல் வந்தது. மூடிக் கிடந்த ஒரு சுரங்க நிலையத்தில் இருக்கிறார் என்றார்கள்.

அவள் போனபோது படிக்கட்டில் மழைத் தண்ணீர் அருவி போல இறங்கிக்கொண்டிருந்தது. கீழே நுழைவாயிலின் இரும்பு ஷட்டரில் காதை வைத்துக்கொண்டு அவர் தொப்பலாக நனைந்து உட்கார்ந்திருந்தார். விரல் நுனிகளில் ரத்தம். ஷட்டரைக் கையாலேயே நெம்பிப் பார்த்திருக்கிறார்.

“என்னங்க” என்றாள்.

அவர் உதட்டில் விரலை வைத்தார். “சத்தம் போடாத. உள்ள ஆள் மாட்டிக்கிட்டு இருக்காங்க. நான் பேசிக்கிட்டு இருக்கேன்.”

உள்ளே ஆள் இருந்தது உண்மைதான். சுரங்கத்தின் விரிசலை அடைக்கிற தொழிலாளர்கள் அங்கேதான் சிமெண்ட் பூசிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவன் மேற்பூச்சுக்காரன். மதியத்திலிருந்து ஷட்டருக்கு மறுபக்கம் நின்று இவருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறான். முதலில் யாரோ விளையாடுகிறார்கள் என்று நினைத்தானாம். ‘பயப்படாதீங்க தம்பி, மூச்ச நிதானமா விடுங்க, நான் எங்கேயும் போகமாட்டேன்’ என்று இவர் திரும்பத் திரும்பச் சொன்ன பிறகு அவனுக்கு விஷயம் புரிந்திருக்கிறது. சாவி மறுமுனை நுழைவாயிலில் இருந்தது. அதை எடுத்து வரவும் வெளியே தகவல் சொல்லவும் சுரங்கம் நெடுக நடந்து போக ஒரு ஆளை அனுப்பிவிட்டு, அதுவரைக்கும் அவர் எங்கேயும் போய்விடாமல் இருக்க, அவன் பேசிக்கொண்டே இருந்திருக்கிறான்.

ஷட்டர் மேலே ஏறியது. மேற்பூச்சுக்காரன் முதலில் வெளியே வந்தான். தலையெல்லாம் வெள்ளைத் தூசி. “வாங்க பெரியவரே, வீட்டுக்குப் போகலாம்” என்றான்.

அவர் அசையவில்லை. “எல்லாரும் வந்துட்டாங்களா?”

மேற்பூச்சுக்காரன் அட்டவணையம்மாவைப் பார்த்தான். அவன் உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தான். வேலையில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக, கொத்துக்கரண்டியும் வாளியும் கையில் இருக்க, மழையில் வெளியே வந்து நின்றார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. கடைசியாக வந்த கிழத் தொழிலாளி, “நான்தான் கடைசி. நல்ல நேரத்துல வந்தீங்க” என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

அவர் ஒவ்வொரு முகத்தையும் பார்த்தார். பிறகு சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

அன்றே காய்ச்சல் கண்டது, நெஞ்சில் சளி கட்டியது. அந்த மேட்டு ஆஸ்பத்திரியில்தான் சேர்த்தார்கள். தினமும் அவள், தானே வாசல் வரை ஏற்றிவிட்ட பஸ்ஸில் போய் இறங்கினாள். அதை நினைத்து அவளுக்கு ஆறுதலும் வரவில்லை, ஆத்திரமும் வரவில்லை. நிறுத்தத்தில் நிழலுக்கு ஒரு கூரை போட்டிருக்கலாம் என்று மட்டும் தோன்றியது.

நெஞ்சு தேறியது. ஆனால் அந்தக் காய்ச்சல் அவரிடம் மிச்சமிருந்ததை வாரிக்கொண்டு போய்விட்டது. நடக்க ஆள் வேண்டியிருந்தது. தன் கை எதற்கு இருக்கிறது என்பதுபோல அதையே பார்த்துக்கொண்டிருப்பார். மகள் வந்தாள். இந்த முறை பேச்சில் கண்டிப்பு இல்லை.

“கூட்டிட்டுப் போகட்டுமாம்மா?”

“கூட்டிட்டுப் போ.”

“நீயும் வாயேன்.”

“ரயில் ஓடுற வரைக்கும் நான் இங்க இருந்தாகணும்டி. பாதியில விட்டுட்டு வர முடியாது.”

மகளின் முகம் சிவந்தது. “ஊருக்கெல்லாம் பஸ் விட்ட. அப்பாவுக்கு மட்டும் உன்னால ஒரு வழி பண்ண முடியல இல்ல?”

அட்டவணையம்மா துணிகளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தாள். வட்டப்பாதையைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். சொன்னால், ‘அதை ஏன் அழிச்ச?’ என்ற கேள்வி வரும். அதற்கு மேட்டில் கம்பத்துக்குக் கம்பம் நின்ற அந்த மனிதரைப் பற்றிச் சொல்ல வேண்டும். முன்பின் தெரியாத ஒருவர் காலுக்காக உன் அப்பாவை இறக்கிவிட்டேன் என்று பெற்ற பிள்ளையிடம் எப்படிச் சொல்வது? “முடியலடி” என்று மட்டும் சொன்னாள். மகள் பக்கத்தில் உட்கார்ந்து தானும் துணி மடிக்க ஆரம்பித்தாள்.

அதன் பிறகு ஞாயிறுதோறும் வெளியூர் பஸ்ஸில் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். இல்லத்துக்காரர்கள் மகள் சொன்னபடி நல்லவர்கள்தான். அவரைக் குளிப்பாட்டி, தலை வாரி, ஜன்னலோரம் உட்கார வைத்திருப்பார்கள். சில வாரங்களில் அவளைப் பார்த்துச் சிரிப்பார். சில வாரங்களில் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருப்பார்.

சுரங்க ரயில் மறுபடி ஓடத் தொடங்கிய நாளில் மேடை போட்டு விழா எடுத்தார்கள். மாற்று ஏற்பாட்டைச் சிறப்பாகச் செய்ததற்காக அவளை மேடையில் கௌரவிப்பதாக இருந்தது. அவள் விடுப்புச் சொல்லிவிட்டு இல்லத்துக்குப் போனாள்.

நாற்காலியை அவர் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். “என்னங்க, இன்னிக்கு ரயில் ஓட ஆரம்பிச்சிடுச்சு.”

அவர் அவளை மரியாதையோடு பார்த்தார். ஒரு விரலை மெல்ல உயர்த்தி, சுவரில் எதையோ அழுத்துவதற்குத் தயாராக வைத்துக்கொண்டார்.

“நீங்க எந்த மாடிக்குப் போகணும்?” என்றார்.

முப்பது வருஷத்துக்கு மேல் அவளோடு வாழ்ந்த மனிதர் அவளை ‘நீங்க’ என்றது அதுதான் முதல் தடவை. “அவசரமில்லைங்க. உங்களுக்கு எப்ப முடியுதோ அப்பப் போகலாம்” என்றாள். அவர் தலையாட்டினார். இருவரும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள்.

குளிர் தொடங்கியபோது அவர் தூக்கத்திலேயே போய்விட்டார். தகவல் அலுவலகத்துக்கு வந்தது. விசில் லீவு போட்டுவிட்டு அவளோடு வெளியூர் பஸ்ஸில் வந்தாள். வழி முழுக்க அவள் கையை விடவில்லை.

மகள் தன்னோடு வந்துவிடச் சொன்னாள். ஓய்வு பெற இன்னும் கொஞ்ச காலம் இருந்தது. அட்டவணையம்மா திரும்பி வந்து மூன்றாம் மாடியில் தன் இடத்தில் உட்கார்ந்தாள். அவர் பகலெல்லாம் போய்வந்த அந்த ரயிலில் அவள் வேலைக்குப் போகவில்லை. சாதாரண டவுன் பஸ்ஸில், இரண்டு இடத்தில் மாறி, முன்னைவிட நேரம் பிடித்துப் போய்வந்தாள். கேட்டவர்களிடம் படி இறங்க முழங்கால் வலிக்கிறது என்று சொன்னாள். அவள் முழங்காலுக்கு ஒன்றுமில்லை என்று மேலதிகாரிக்குத் தெரியும். அவர் அதையும் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.